முதல் சோதனை "இயல்பு", பிறகு கர்ப்பகால நீரிழிவு: பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரை ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் குறிப்பிட்ட தனி ஒருவர் அல்லர். மகப்பேறு மருத்துவமனைகளில் திரும்பத் திரும்ப நேரும் சூழல்களைச் சேர்த்துக் கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. ரத்தச் சர்க்கரை அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. அலகில் உள்ளன. மில்லிமோல் அலகில் வேண்டுவோர் 18 ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

பின்னணி

வயது 32, இரண்டாம் கர்ப்பம். உயரம் 158 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 70 கிலோ, அதாவது உடல் நிறை குறியீட்டெண் 28. தாய்க்கு இரண்டாம் வகை நீரிழிவு உண்டு. முதல் குழந்தை 4.1 கிலோ எடையுடன் பிறந்தது. அந்தக் கர்ப்பத்தில் சர்க்கரை சோதனை நடந்ததா, என்ன முடிவு வந்தது என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

11ஆம் வாரத்தில் முதல் வருகை. வெறும் வயிற்றில் 88, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 5.5 சதவீதம். இந்த இரண்டு சோதனைகளையும் ஆரம்பத்திலேயே எடுப்பது, கர்ப்பத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்படாமல் இருந்த நீரிழிவைப் பிடிப்பதற்காக. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் அது கர்ப்பத்தால் வந்தது அல்ல, ஏற்கெனவே இருந்த நீரிழிவு. உறுப்புகள் உருவாகும் வாரங்களில் சர்க்கரை உயர்ந்திருந்தால் பிறவிக் குறைபாடுகளுக்கான அபாயமே மாறிவிடும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியம். இவருக்கு அது இல்லை. 24 முதல் 28 வாரங்களுக்குள் ஜிடிடி எனப்படும் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்கு வரச் சொல்லப்பட்டது.

26ஆம் வாரம்: "இயல்பு" என்று வந்த முடிவு

75 கிராம் குளுக்கோஸ், மூன்று மாதிரிகள். முடிவுகள்: வெறும் வயிற்றில் 89, ஒரு மணி நேரத்தில் 174, இரண்டு மணி நேரத்தில் 148.

2010இல் சர்வதேச நீரிழிவு, கர்ப்ப ஆய்வுக் குழுக்களின் கூட்டமைப்பு பரிந்துரைத்து, 2013இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்ற எல்லைகள் 92, 180, 153. மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. (50 கிராம் வடிகட்டும் சோதனை, அதில் உயர்ந்தால் 100 கிராமுடன் மூன்று மணி நேரச் சோதனை என்ற இரண்டு படி முறையைப் பின்பற்றும் இடங்களும் உண்டு. அங்கே எல்லைகள் 95, 180, 155, 140. இரண்டு அளவுகள் தாண்ட வேண்டும்.) இவருடைய மூன்று அளவுகளும் எல்லைக்குக் கீழே இருந்ததால் "இயல்பு" என்று முத்திரை விழுந்தது.

மூன்று அளவுகளுமே எல்லையிலிருந்து சில புள்ளிகள் மட்டும் கீழே நிற்பதை யாராவது நின்று பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு தோற்றம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அந்தக் குழாய்கள் எடுத்த நேரத்திலிருந்து இயந்திரத்துக்குப் போகும் வரை எங்கே இருந்தன?

குழாய்க்குள் நடப்பது

ரத்தத்தைக் குழாயில் எடுத்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிருடன்தான் இருக்கின்றன. குளுக்கோஸை உண்டுகொண்டே இருக்கின்றன. எந்தத் தடுப்பானும் இல்லாமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும். சாம்பல்நிற மூடியுள்ள சோடியம் ஃபுளூரைடு குழாயில் எடுத்தால் கவலை இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மைதான். ஃபுளூரைடு தடுப்பது குளுக்கோஸ் சிதையும் தொடரின் கடைசிப் பகுதியில் உள்ள ஈனோலேஸ் நொதியை. தொடரின் முதல் படிகள் அதற்குப் பிறகும் சிறிது காலம் ஓடுவதால், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளுக்கோஸ் தொடர்ந்து இறங்குகிறது. பிறகுதான் அளவு நிலைக்கிறது. அதாவது, சேதம் முழுதும் நடந்து முடிந்த பிறகு ஃபுளூரைடு காவலுக்கு நிற்கிறது.

அன்று நடந்தது இதுதான். மூன்று குழாய்களும் ஃபுளூரைடு குழாய்கள். முதல் மாதிரி எடுத்ததும் மேசைமேல் இருந்த தாங்கியில் செருகப்பட்டது. மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவது வழக்கம். ஆய்வகத்துக்குக் கொண்டுபோக மேலும் 40 நிமிடம். வெறும் வயிற்று மாதிரி மிக அதிக நேரம், அதாவது இரண்டே முக்கால் மணி நேரம், காத்திருந்தது. கர்ப்பகால நீரிழிவில் மிகக் குறுகிய இடைவெளியில் முடிவு செய்யப்படும் அளவும் அதுதான். 94 இருக்க வேண்டிய ரத்தம் 5 சதவீதம் இழந்தால் 89 ஆகிவிடும். ஒரே கையால் நோய் ஒன்றை உண்டாக்கவும் அழிக்கவும் போதுமான வேறுபாடு அது.

சரிசெய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஃபுளூரைடு குழாய் என்றால் எடுத்தவுடன் ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் நிறுத்தி, 30 நிமிடத்துக்குள் மையவிலக்கியில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். வெறும் ஐஸ் கட்டிகளின்மேல் படுக்க வைப்பது போதாது, குழாயின் எல்லாப் பக்கமும் குளிர் படாது. சிட்ரேட் கலந்த குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. அது ரத்தத்தை உடனே அமிலமாக்கி, தொடரின் முதல் நொதியையே நிறுத்திவிடும். ஆனால் அதைப் பத்துத் தடவையாவது மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் அடியிலேயே தங்கிவிடும். எந்த வசதியும் இல்லாத இடத்தில் செய்யக்கூடிய மிக எளிய திருத்தம், மூன்று மாதிரிகளையும் சேர்த்து வைக்காமல் ஒவ்வொன்றையும் எடுத்தவுடனே அனுப்புவது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரு மருத்துவமனை மாதிரிகளைச் சரியாகக் கையாளத் தொடங்கியதும் அங்கே கர்ப்பகால நீரிழிவு என்று அடையாளம் காணப்படுவோர் எண்ணிக்கை உயரும். நோய் கூடிவிட்டது என்று பதறத் தேவையில்லை. முன்பு தவறவிட்டவர்கள் இப்போது தெரிகிறார்கள், அவ்வளவே.

31ஆம் வாரம்: ஸ்கேன் கேட்ட கேள்வி

வளர்ச்சி ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு 92ஆம் சதமானத்தில் (அதே வாரக் குழந்தைகள் நூறில் 92ஐவிடப் பெரிது), தலைச் சுற்றளவு 55ஆம் சதமானத்தில் இருந்தது. பனிக்குட நீர் இயல்பின் மேல் எல்லையில். எல்லா அளவுகளும் சேர்ந்து பெரிதாக இருந்தால் அது குடும்ப வாகாக இருக்கலாம். தலை சராசரியாக இருக்க வயிறு மட்டும் முந்தினால் இன்சுலினின் வேலை என்று சந்தேகிக்க வேண்டும்: தாயின் கூடுதல் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே போகிறது, தாயின் இன்சுலின் போவதில்லை, குழந்தையின் கணையம் தானே அதிக இன்சுலின் சுரக்கிறது, அந்த இன்சுலின் கல்லீரலையும் தோலடிக் கொழுப்பையும் வளர்க்கிறது.

"ஜிடிடி இயல்பு" என்ற முத்திரை கோப்பில் இருந்தும் மறுபரிசோதனைக்கு அனுப்பியது இந்த நிகழ்வில் நடந்த சிறந்த முடிவு. இம்முறை விதிகள் ஒவ்வொன்றாகப் பின்பற்றப்பட்டன.

முந்தைய மூன்று நாட்களும் வழக்கமான உணவு, மாவுச்சத்து நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறையாமல். சோதனைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வருபவர்களுக்கு முடிவு பொய்யாக உயரும். பட்டினிக்குப் பழகிய உடல் திடீரென்று வரும் குளுக்கோஸைக் கையாளத் தடுமாறும். இரவு 8 முதல் 14 மணி நேரம் வரை உண்ணாநிலை, தண்ணீர் குடிக்கலாம். குளுக்கோஸ் 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸின் எடை. மோனோஹைட்ரேட் என்று அச்சிட்ட பொட்டலமாக இருந்தால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். தராசில் 75 காட்டியதும் நிறுத்துபவர் உண்மையில் 68 கிராம் மட்டுமே கொடுக்கிறார். 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். முதல் மிடறு குடித்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, கோப்பை காலியான நேரத்திலிருந்து அல்ல. இடையில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் ஸ்கேன் அறைக்கும் பணம் கட்டும் இடத்துக்கும் நடந்து வந்தால் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வாந்தி எடுத்தால் சோதனையை அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் குறிக்க வேண்டும்.

குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் குறைந்தது ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். உடல் எடைக் குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கரைசலே கூடாது: குளுக்கோஸ் வேகமாகச் சிறுகுடலில் இறங்கி முதலில் உயர்ந்து, பிறகு மயக்கம் வரும் அளவுக்குச் சரியும். அவர்களுக்கு ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரால் பார்த்து முடிவு செய்யலாம். மற்றபடி, குளுக்கோமீட்டரை வைத்து நோயை உறுதிசெய்யக் கூடாது. தரநிலைப்படி அதற்கு 15 சதவீதம் வரை விலகல் அனுமதிக்கப்படுகிறது. 92 என்ற எல்லையில் அது பயன்படாது.

மறுபரிசோதனை முடிவு: 98, 191, 157. மூன்றும் எல்லைக்கு மேல். ஐந்து வாரங்களில் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை) இயல்பாகவே கூடியிருக்கும், ஆகவே வேறுபாடு முழுவதையும் குழாய்களின் தலையில் ஏற்ற முடியாது. ஆனால் சரியாகக் கையாண்டிருந்தால் 26ஆம் வாரத்திலேயே ஒரு அளவாவது எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்பு மிக அதிகம். ஐந்து வார சிகிச்சை கைநழுவியது.

வீட்டில்: நான்கு அளவுகள், பிறகு இன்சுலின்

நாளுக்கு நான்கு தடவை: எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒவ்வொரு முக்கிய உணவிலும் முதல் வாய் எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரத்தில். இலக்கு முறையே 95க்குக் கீழ், 140க்குக் கீழ். இரண்டு மணி நேரத்தில் பார்ப்பவர்களுக்கு 120க்குக் கீழ். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். பழம் உரித்த கையோடு குத்தினால் 40, 50 புள்ளிகள் கூடக் காட்டலாம். நோட்டில் எழுதிய எண்களோடு கருவியின் நினைவகத்தையும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டும். திட்டு வாங்கப் பயந்து நல்ல எண்களை எழுதுபவர்கள் உண்டு. திட்டுபவர்கள் இருக்கும் இடத்தில்தான் அப்படி எழுதுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

உணவு ஆலோசனையில் மாவுச்சத்து நாளுக்கு 175 கிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. அதை மூன்று வேளையாகவும் இரண்டு மூன்று சிறு தீனிகளாகவும் பிரித்து, காலையில் பங்கைக் குறைத்தார்கள். காலை நேரத்தில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம். ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் 10 முதல் 15 நிமிட நடை.

ஒரு வாரத்தில் காலை உணவுக்குப் பின் 152 இருந்தது 131க்கு வந்தது. மற்ற வேளைகள் இலக்குக்குள். வெறும் வயிற்று அளவு மட்டும் ஏழு நாளில் ஆறு நாள் 97 முதல் 105 வரை நின்றது. இதற்குப் பெண்ணைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வெறும் வயிற்று அளவைத் தீர்மானிப்பது இரவெல்லாம் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ், முந்தின இரவுச் சாப்பாடு அல்ல. இந்த நிலையில் "இன்னும் கட்டுப்பாடாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி இரண்டு வாரம் கடத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு ஏற்கெனவே முந்தியிருந்ததால் காத்திருக்கவில்லை.

33ஆம் வாரம், எடை 79 கிலோ. படுக்கும் முன் என்பிஎச் எனப்படும், இரவு முழுதும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலின், கிலோவுக்கு 0.1 யூனிட் கணக்கில் 8 யூனிட். மூன்று நாட்களுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டப்பட்டது. 16 யூனிட்டில் வெறும் வயிற்று அளவு 84க்கும் 92க்கும் இடையே நின்றது. என்பிஎச் கலங்கலான இன்சுலின். உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி ஒரே பால்நிறமாக்கிய பிறகே எடுக்க வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்கு ஒரு நாள் 80, மறுநாள் 110 என்று வரும், மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். வயிற்றில் போட்டால் குழந்தைக்குக் குத்திவிடும் என்ற பயம் இவருக்கும் இருந்தது. ஊசி தோலடிக் கொழுப்பைத் தாண்டாது என்பதை முதல் ஊசியை மருத்துவமனையிலேயே போட வைத்துக் காட்டினார்கள். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது என்பதால் இன்சுலின் முதல் தேர்வானது.

பிரசவமும் குழந்தையின் முதல் நாளும்

மருந்தால் கட்டுப்பட்ட கர்ப்பகால நீரிழிவில் 39ஆம் வாரத்தில் பிரசவம் என்பது பொதுவான பரிந்துரை. 39 வாரம் 2 நாளில் வலி தூண்டப்பட்டு சுகப்பிரசவம். குழந்தை 3,720 கிராம். தாய்க்கு ரத்த இழப்பு சுமார் 700 மி.லி. இந்த எண் பின்னால் பயன்படப்போகிறது.

குழந்தை பிறந்து அரை மணி நேரத்துக்குள் மார்பில் போடப்பட்டது. தொப்புள்கொடி வெட்டியதும் தாயின் குளுக்கோஸ் நின்றுவிடும், குழந்தையின் அதிக இன்சுலின் மட்டும் இன்னும் சில மணி நேரம் தொடரும். சர்க்கரை சரிவது அதனால்தான். இரண்டாம் மணி நேரத்தில் குதிகால் ரத்தத்தில் 38. குழந்தை சுறுசுறுப்பாக இருந்தது, நடுக்கமோ சோர்வோ இல்லை. 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல், கிலோவுக்கு 0.5 மி.லி. வீதம் 1.9 மி.லி. கன்னத்தின் உட்பகுதியை முதலில் பஞ்சால் துடைத்து உலர்த்திவிட்டு, ஜெல்லைச் சிறிது சிறிதாக விரலால் தேய்த்து, உடனே பால் கொடுத்தார்கள். எச்சில் மேல் தடவினால் ஜெல் வழிந்து வெளியே வந்துவிடும். அரை மணி நேரத்தில் 52. அடுத்த மூன்று அளவுகளும் 50க்கு மேல். தாயும் குழந்தையும் பிரிக்கப்படவில்லை, பால்பொடியும் கொடுக்கவில்லை.

நஞ்சுக்கொடி போன பிறகு

நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலின் நிறுத்தப்பட்டது. இரண்டாம் நாள் வெறும் வயிற்றில் 101. இங்கே தேடுவது ஒன்றைத்தான்: நீரிழிவு போகாமல் நிற்கிறதா? 126க்கு மேல் நின்றால் சிகிச்சையோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 101 என்பதற்கு மருந்து வேண்டாம், ஆனால் "சரியாகிவிட்டது" என்று சொல்வதற்கும் அது இடம் தரவில்லை. மெலிந்த உடல்வாகு, ஆரம்பத்திலிருந்தே அதிக இன்சுலின் தேவை, பிரசவத்துக்குப் பிறகும் இறங்காத அளவுகள் என்றால் முதல் வகை நீரிழிவுக்கான எதிர்ப்பொருள் சோதனை செய்ய வேண்டும். அதை மறப்பவர்கள், இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகும் கீட்டோன் நெருக்கடியில் அந்தப் பெண்ணை மீண்டும் சந்திப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் "கர்ப்பகால நீரிழிவு, இன்சுலின்" என்று எழுதியிருந்தது. 4 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் சோதனை வேண்டும் என்று எழுதவில்லை. 6ஆம் வார வருகைக்கு இவர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைத் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்கள் கிடைக்கின்றன. நோய் நஞ்சுக்கொடியோடு போய்விட்டது என்று சொல்லியிருப்பார்கள். மகப்பேறு மருத்துவர் இது பொது மருத்துவரின் வேலை என்று நினைப்பார். பொது மருத்துவருக்கு இப்படி ஒரு கர்ப்பம் நடந்ததே தெரியாது. கைக்குழந்தையோடு இரவு முழுக்கப் பால் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து, இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மனச்சோர்வு இருந்தால் எழுந்து கிளம்புவதே பெரிய வேலை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அறியும், பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலை இதே வருகையில் கேட்பது அதற்காகவும்தான். அதில் தற்காயம் பற்றிய பத்தாவது கேள்விக்கு "இல்லவே இல்லை" தவிர வேறு பதில் வந்தால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே பேச வேண்டும்.

இவரைப் பிடித்தது குழந்தையின் தடுப்பூசி நாள். 10ஆம் வாரத்தில் ஊசி போட வந்தபோது, தாயின் கர்ப்ப வரலாற்றைக் கேட்ட செவிலியர் அடுத்த வாரத்துக்குச் சோதனை நேரம் குறித்துக் கொடுத்தார். எந்தப் பெண்ணும் தன் சோதனையைத் தள்ளிப்போடுவார், குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போட மாட்டார். தாயின் சோதனை நாளைக் குழந்தையின் அட்டையிலேயே எழுதிவிடுவதைவிடச் சிறந்த ஏற்பாடு தெரியவில்லை. வீடு தூரமாக இருந்து திரும்பி வருவது ஐயம் என்றால், மருத்துவமனையில் இருக்கும்போதே இரண்டாம் நாளில் 75 கிராம் சோதனை செய்துவிடும் வழியும் உண்டு.

11ஆம் வாரத்தின் இரண்டு எண்கள்

வெறும் வயிற்றில் 97, இரண்டு மணி நேரத்தில் 168. இம்முறை ஒரு மணி நேர மாதிரி தேவையில்லை. காத்திருக்கும்போது பால் கொடுக்கலாம், தடுக்கக் கூடாது. பால் கொடுத்தால் இரண்டு மணி நேர அளவு சற்றே இறங்கும் என்பதால் அதை மட்டும் தாளில் குறித்து வைத்தால் போதும்.

கோரிக்கைச் சீட்டில் "கர்ப்பகால நீரிழிவு" என்று மட்டும் எழுதியதால், ஆய்வகத்தின் மென்பொருள் கர்ப்பகால எல்லைகளையே அச்சிட்டது. 97க்கு எதிரேயும் 168க்கு எதிரேயும் "உயர்வு" என்ற குறி. படித்த முதல் மருத்துவர் "இன்னும் கர்ப்பகால நீரிழிவு தொடர்கிறது" என்று எழுதினார். பிரசவத்துக்குப் பின் அப்படி ஒரு நோயே கிடையாது. இப்போது பொருந்துபவை பொதுவான எல்லைகள்: வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இயல்பு, 126இலிருந்து நீரிழிவு, இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழ் இயல்பு, 140 முதல் 199 வரை குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு, 200இலிருந்து நீரிழிவு. ஆக 97 இயல்பு. 168 நீரிழிவுக்கு முந்தைய நிலை. சீட்டில் "பிரசவத்துக்குப் பின் 11ஆம் வாரம்" என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

இந்தப் பெண்ணுக்கு வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் இயல்பு என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அன்றே எடுத்த எச்பிஏ1சி 5.4 சதவீதம், அதுவும் இயல்பு என்றே சொல்லியிருக்கும். 700 மி.லி. ரத்தம் போன பிறகு உடல் புதிய சிவப்பணுக்களை வேகமாக உண்டாக்குகிறது. புதிய அணுக்கள் சர்க்கரையில் ஊறிய நாட்கள் குறைவு, அதனால் எண் பொய்யாக இறங்குகிறது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதே எண் பொய்யாக ஏறும். இரண்டும் ஒன்றாக இருக்கும் பெண்ணிடம் எச்பிஏ1சி எதைச் சொல்கிறது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. மூன்று மாதம் கடந்தபின் அதற்கு மதிப்பு உண்டு. அதற்கு முன் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதுதான் நேர்மையான வழி.

168ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது

1964இல் ஆய்வாளர்கள் ஓ'சல்லிவனும் மகானும் 752 கர்ப்பிணிகளின் அளவுகளிலிருந்து முதல் எல்லைகளை வகுத்தபோது, அவர்கள் கணிக்க முயன்றது தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதை. குழந்தைக்கு நேரும் விளைவுகளை வைத்து எல்லை வகுத்தது கர்ப்பத்தில் உயரும் சர்க்கரையின் விளைவுகளை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வுக்குப் பிறகுதான். அந்த ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 23,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். குழந்தைமேல் கவனம் போனது நியாயமே, ஆனால் தாயின் எதிர்காலம் அந்த மாற்றத்தில் பின்னுக்குப் போய்விட்டது. ஹாப்போ பெண்களையே சராசரியாக 11 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது, கர்ப்பத்தில் 2010 எல்லைகளைத் தாண்டியிருந்தவர்களில் 52 சதவீதத்தினருக்கு நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தது. தாண்டாதவர்களில் அது 20 சதவீதம். 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி இரண்டாம் வகை நீரிழிவுக்கான அபாயம் ஏறக்குறைய பத்து மடங்கு. இதயநோய் அபாயமும் சுமார் இரு மடங்கு. ரத்த அழுத்தத்தையும் கொழுப்பு அளவையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது அதனால். கொழுப்பைப் பிரசவமான உடனே எடுத்தால் கர்ப்பகால உயர்வே தெரியும், சில மாதம் விட்டு எடுக்க வேண்டும்.

தடுக்க முடியுமா என்பதற்கு நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற பெரிய ஆய்வில் பதில் இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு வந்து, பின்பு நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த பெண்களில், வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவை 53 சதவீதமும் மெட்ஃபார்மின் 50 சதவீதமும் குறைத்தன. கர்ப்பகால நீரிழிவு வராத தாய்மார்களிடம் மெட்ஃபார்மினின் பலன் 14 சதவீதம் மட்டுமே. ஆகவே இந்த வரலாறு உள்ளவர்களுக்கு மெட்ஃபார்மின் பற்றிப் பேசாமல் விடுவது சரியல்ல. தாய்ப்பாலில் அது மிகக் குறைந்த அளவே சேரும். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம்.

இவருக்கு 11ஆம் வாரத்தில் எடை 74 கிலோ. ஆய்வில் வைத்த இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும். இவர் கணக்கில் ஐந்து கிலோ. தூக்கமில்லாத ஒரு தாயிடம் 150 என்ற எண்ணைச் சொன்னால் அது கேலியாகத்தான் படும். பத்து நிமிடத் துண்டுகளாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டே நடப்பதிலிருந்து தொடங்கி மூன்று மாதத்தில் ஏற்றலாம் என்று திட்டம் போடப்பட்டது. தாய்ப்பால் தொடர ஊக்கம் தரப்பட்டது. நீண்ட நாள் பால் கொடுத்தவர்களுக்குப் பிற்கால நீரிழிவு குறைவாகக் காணப்படுகிறது. மெட்ஃபார்மினை ஆறு மாதம் கழித்து மீண்டும் பேசுவதாக அவரே முடிவு செய்தார். கருத்தடைக்குக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி. அது சர்க்கரையையும் பாலையும் பாதிக்காது.

12ஆம் மாதம்: எடை 69 கிலோ, வெறும் வயிற்றில் 93, இரண்டு மணி நேரத்தில் 136, எச்பிஏ1சி 5.5, ரத்த அழுத்தம் 118/76. மெட்ஃபார்மின் தேவைப்படவில்லை. இது இயல்புக்குத் திரும்பிய நிலை, வரலாறு அழிந்த நிலை அல்ல. ஒருமுறை நீரிழிவுக்கு முந்தைய நிலையைத் தொட்டவர் என்பதால் ஆண்டுதோறும் சோதனை. 11ஆம் வாரத்திலேயே முழு இயல்பாக இருந்தவர்களுக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும்.

கோப்பின் முதல் பக்கத்தில் இப்போது இருக்கும் குறிப்பு: "கர்ப்பகால நீரிழிவு, இன்சுலின் 16 யூனிட் வரை. 26ஆம் வாரச் சோதனை மாதிரித் தாமதத்தால் நம்பத்தக்கதல்ல. பிரசவத்துக்குப் பின் தாங்குதிறன் குறைவு, ஓராண்டில் இயல்பு. ஆண்டுச் சோதனை 75 கிராமுடன், வெறும் வயிற்று அளவு மட்டும் போதாது. அடுத்த கர்ப்பத்தைத் திட்டமிட்டால் காப்பர்-டி எடுக்கும் முன் சோதனை. கருத்தரித்ததும் முதல் வருகையிலேயே மீண்டும்." ஒரு படி அவர் கையிலும், ஒரு படி பொது மருத்துவரிடமும், மூன்றாவது படி குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள்ளும் உள்ளது.